உயிருக்கு விலை போட்ட குறிப்பு

இலக்கியத் திறனாய்வுகள் இடம்பெறும் மலரில் ஓர் அலுவலகக் குறிப்பை எடுத்து ஆராயலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? அதுவும் ஒரு பனுவல்தானே.

உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸின் கையொப்பத்தோடு 1991 டிசம்பரில் ஒரு குறிப்பு சுற்றுக்கு வந்தது. 1992 பிப்ரவரியில் ‘எகானமிஸ்ட்’ இதழ் அதை வெளியிட்டுவிட்டது. வாதம் இதுதான்: மாசினால் நோயோ மரணமோ நேர்ந்தால், அந்த மனிதர் இழக்கும் வருமானமே இழப்பின் அளவு. ஆகவே கூலி மிகக் குறைந்த நாட்டிற்கு நச்சுக் கழிவை அனுப்புவதே சிக்கனம். போதாக்குறைக்கு, ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் காற்று சுத்தமாக இருப்பதையே ஒரு குறைபாடு போலப் பேசுகிறது அந்த நடை.

கணக்கில் பிழை இல்லைங்க. ஆனால் அந்தக் கூலி ஏன் அவ்வளவு குறைந்தது என்ற கேள்வி ஒரு வரியில்கூட வரவில்லை. ஏற்றத்தாழ்வு தந்த விலையையே எடுத்து, அதே ஏற்றத்தாழ்வுக்கு நியாயமாக வைக்கிறது குறிப்பு. என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

அது கிண்டலாக எழுதப்பட்டது என்று பின்னர் விளக்கம் வந்தது. எழுதியவர் சம்மர்ஸின் கீழ் பணியாற்றிய லான்ட் பிரிட்செட் என்றும் தெரியவந்தது. சரி, கிண்டல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1980களில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு பாதரச வெப்பமானித் தொழிற்சாலை நம் கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்ததே, அதுவும் கிண்டலா? செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போயின. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 2001இல் ஊருக்குள்ளே பழைய சாமான் கடையில் கிடந்தது. அதன் பிறகே தொழிற்சாலை மூடப்பட்டது.

லீவுக்கு ஊர் போகும்போது பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் ஏரியையும் தூண் பாறையையும் காட்டியிருக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னதில்லை. அடுத்த முறை சொல்லணும்.

சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் கையெழுத்தானது. இடையில் கழிந்த 13 ஆண்டுகளை அந்தக் குறிப்பின் வாய்பாட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை.