காலைப் பார்த்துக் கொட்டும் கை: திருகோணமலை மாவட்டத்து ஆட்ட இசை மரபுகள்

கூத்துக்கு வேண்டிய வாத்தியங்கள் மூன்றே. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம், அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கையில் சல்லரி என்ற தாளம், ஆடுபவர் காலில் சதங்கை. இவற்றில் கடைசியை வாத்தியமாகக் கணக்கெடுக்காமல் விடுவது நம்மவர் வழக்கம். கிழக்கிலங்கைக் கூத்தின் இசையைத் தரம் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மத்தளத்தில் விழும் சொல்லும் மண்ணில் விழும் அடியும் ஒன்றாகச் சேர்கின்றனவா, அடி சற்றே பிந்துகிறதா என்பதைச் சதங்கை மறைக்காமல் சொல்லிவிடும். குரல் நன்றாக இருந்தால் பாட்டில் சறுக்கியதை மூடிவிடலாம். காலில் சறுக்கினால் ஊரே கேட்கும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றி வெருகல் ஆறு வரை நீளும் ஊர்கள் பழைய கொட்டியாரப்பற்றைச் சேர்ந்தவை. மூதூர், சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு. நிர்வாகத்துக்கு ஆறு எல்லை. கூத்துக்கு அது எல்லையாக இருந்ததில்லை. அண்ணாவிமார் அக்கரை போய்ப் பழக்கினார்கள், அக்கரையார் இக்கரை வந்தார்கள். ஆகவே இந்த மாவட்டத்துக்கென்று தனிக் கூத்துப் பள்ளி ஒன்று உண்டென்று மார்தட்டுவதைவிட, கிழக்கிலங்கைக்குப் பொதுவான வடமோடி, தென்மோடி என்ற இரண்டுக்குள் நம்மூர்கள் எப்படி வாழ்ந்தன என்று பார்ப்பதே நேர்மையானது.

வடமோடி என்றால் போர். பாரதமும் இராமாயணமும் கதை. கரப்புடுப்பும் கெருடமும் புயக்கட்டையுமாகப் பாரமான உடுப்பு. வேகமும் துள்ளலும் வீச்சும் ஆட்டம். தென்மோடியில் பெரும்பாலும் காதல் கதைகள். உடுப்பு இலேசு, தாளக்கட்டு நுணுக்கம். புதிதாய் வரும் பாத்திரத்துக்கு முன்னால் திரை பிடிப்பதும் தென்மோடிக்கு உரிய வழக்கம். வடமோடி சாவில் முடியும், தென்மோடி கலியாணத்தில் முடியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தப் பட்டியல் பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வு நூலில் விரிவாக இருக்கிறது. மேலும் நீட்ட வேண்டியதில்லை.

நான் அழுத்த விரும்புவது மத்தளக்காரருக்கு இந்த இரண்டிலும் வேலை வேறு என்பதை. பாரமான உடுப்போடு சுழன்று வரும் வடமோடி அரசனுக்கு மூச்சு எங்கே வாங்கும் என்று தெரிந்து கொட்ட வேண்டும். அவன் களைத்தால் அடியை நெருக்கக் கூடாது. அவன் எழும்பும்போது தளர்த்தவும் கூடாது. தென்மோடியில் களைப்பு பெரிய பிரச்சினை அல்ல. நீண்டு மடியும் தாளக்கட்டைத் தீர்க்கும் இடத்தில் காலும் கையும் சல்லரியும் ஒரே புள்ளியில் வந்து விழ வேண்டும். ஒரு மோடியில் கைதேர்ந்தவர் மற்றதில் தடுமாறுவது இதனால்தான். இரண்டையும் சமமாகக் கொட்டக்கூடிய அண்ணாவியாருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

அந்தத் தரம் எங்கே உண்டானது? பழக்கத்தில். ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து, சட்டம் என்ற அவரவர் பாடப்பகுதியைக் கொடுப்பதில் தொடங்கி, மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்ற முழு ஒத்திகை பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். சதங்கை அணிவதை ஒரு சடங்காகவே செய்தார்கள். அதுவரை வெறுங்காலோடு ஆடியவன் அன்று முதல் தன் பிழை எல்லோருக்கும் கேட்கும்படி ஆடப்போகிறான். பரீட்சை என்றால் அதுதான் பரீட்சை.

வட்டக்களரியில் அண்ணாவியார் நின்ற இடமும் இங்கே முக்கியம். பிற்பாட்டுப் பாடும் சபையோருடன் அவர் நடுவில் நிற்பார், கூத்தர் அவரைச் சுற்றி ஆடுவார்கள். எந்தப் பக்கம் யார் ஆடினாலும் திரும்பிக் காலைப் பார்க்கலாம். கை கொட்டுவது கண் பார்த்ததை.

1950களின் பிற்பகுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைக் களரியிலிருந்து பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். பேராதனை மாணவர்கள் 1962 இல் ஆடிய 'கர்ணன் போர்', அதைத் தொடர்ந்து வந்த 'இராவணேசன்' ஆகியவற்றை மறந்து ஈழத்து நாடக வரலாறு எழுத முடியாது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பக்கத்தில் இருந்து பழக்கினார் என்பதால் அடவு கெடவில்லை. ஆயினும் விடியும்வரை ஆடியது ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. வட்டம் ஒருபக்க மேடையானது. மத்தளம் மேடையின் ஓரத்துக்குப் போனது. வித்தியானந்தனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கை வைக்காதிருந்தால் படித்த தமிழர் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஓரத்தில் நிற்பவருக்கு மறுகரையில் ஆடுபவரின் கால் தெரியாது என்பதும் உண்மை.

ஏறத்தாழ அதே காலத்தில் பஞ்சாப்பிலும் ஊர் ஆட்டம் ஒன்று இவ்வாறே மேடைக்கு வந்தது. அறுவடைக்குப் பின் வைசாகி நாட்களில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட் முதலிய மாவட்டங்களில் ஆடப்பட்ட பங்க்ரா, பிரிவினையால் இடம்பெயர்ந்தவர்களோடு இந்தியப் பக்கம் வந்தது. 1950களில் பட்டியாலா வட்டாரத்துச் சுனாம் ஊர்க் குழு டெல்லிக் குடியரசு தின விழாவில் ஆடியது. பிறகு இந்திப் படங்களிலும் தோன்றியது. ஜுமர், லுட்டி, சம்மி என்று வெவ்வேறு வட்டாரத்து ஆட்டங்களில் இருந்து அடவுகளை எடுத்துக் கோத்து மேடைக்கேற்ற ஒரே ஆட்டமாக்கினார்கள். இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் கல்லூரிப் பிள்ளைகள் போட்டிக்கு ஆடுவது இந்தக் கோவையைத்தான். அவர்களின் தோல் என்ற முரசுக்கு ஒரு பக்கம் வளைந்த தடித்த கோல், மறுபக்கம் மெல்லிய பிரம்பு. தும்பி என்ற ஒற்றைத் தந்தியும் அல்கோசா என்ற இரட்டைக் குழலும் சிம்டா என்ற இடுக்கியும் கூடச் சேரும். இத்தனை இருந்தும் அந்த மேடையின் ஆணிவேர், சுனாம் குழுவுக்குத் தோல் அடித்த பானா ராம் போன்ற ஒருவர்தான். அடவு மாறும் இடத்தை அறிவிப்பது அவர் கோல்.

பஞ்சாப்பை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல் அடித்தவர்கள் பஸிகர், பராயி, மிராசி போன்ற சமூகத்தவர். ஆடி மகிழ்ந்தவர்கள் பெரும்பாலும் நிலமுடையவர்கள். நம் பக்கத்துப் பறைமேளத்தின் கதையும் வேறல்ல. பெரிய பறை, தம்பட்டம், சொர்ணாளி என்ற குழல் ஆகியவை சேர்ந்த அந்தக் குழு கோயில் சடங்குக்கும் சாவுக்கும் அழைக்கப்பட்டது, பந்திக்கு அழைக்கப்படவில்லை. கிழக்கிலங்கைப் பறையர் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 1983 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை ஒளிக்காமல் பேசுகிறது. பறைமேளக் கூத்தில் அடிப்பவரே ஆடுவார். கையும் காலும் ஓர் உடம்பில். நான் சொல்லிவந்த அளவுகோலால் பார்த்தால் இதுவே எல்லாவற்றிலும் மேலான பள்ளி. விழா மலர்களில் கூத்துக்குப் பத்துப் பக்கமும் பறைக்கு ஒரு பந்தியும் ஒதுக்குகிறோம். இந்தக் கட்டுரையும் அதே கணக்கில்தான் வந்து நிற்கிறது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்களின் களிகம்பு இருக்கிறது. கிழக்கிலங்கையின் தென்பகுதியில் பொல்லடி என்பார்கள். வட்டமாக நின்று கம்போடு கம்பு தட்டி ஆடும் இதில் தட்டும் கம்பே தாளம், ஆடுபவனே வாத்தியக்காரன். பழக்குபவரை இங்கும் அண்ணாவியார் என்றே அழைப்பது கவனிக்க வேண்டியது. கலியாண வீட்டுக்கும் விருந்தினர் வரவேற்புக்கும் ஆடுவார்கள். 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குத் துறை தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அதனாலோ என்னவோ நகரத்து விழா மலர்களுக்குள் களிகம்பு வந்து சேரப் பிந்திவிட்டது. தமிழ் ஊர்களின் வசந்தன் ஆட்டத்திலும் கோல்தான். த. சதாசிவ ஐயர் 1940 இலேயே அதன் கவிகளைத் திரட்டி அச்சிட்டார். கவிகளைத்தான். கோல் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று அச்சில் ஏற்ற முடியாதே.

பாலையூற்றுப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. போர்த்துக்கேயர் காலத்து மிச்சமான மொழியில் பாட்டு, வயலின், ஆறு அடியில் துள்ளும் நடை. நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம்மில் பலர் கேட்டதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். பாடசாலை மேடைகளில் கிராமிய நடனம் குறையவில்லை, கூடியிருக்கிறது. உடுப்பு பளபளக்கிறது, வரிசை பிசகுவதில்லை. ஆனால் பல இடங்களில் இசை பதிவிலிருந்து வருகிறது. பதிவு ஆடுபவரைப் பார்க்காது. பிள்ளை ஓர் அடி தவறவிட்டால் அதற்காகக் காத்து நின்று ஏற்றிக்கொள்ளாது. பிழையை ஆட்டத்துக்குள்ளேயே திருத்தக் கற்பதுதான் இந்த மரபின் கல்வி. பதிவோடு ஆடும் பிள்ளைக்கு அது கிடைக்காது. நடுவர்களின் புள்ளித்தாளில் மத்தளக்காரருக்கென ஒரு நிரல் இருந்தால், அடுத்த ஆண்டே பாதிக் குழுக்கள் ஆள் தேடிப் போகும் என்று நினைக்கிறேன்.

ஆள் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி. சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் போரினால் ஊரைவிட்டு ஓடியவர்கள். 2015 இலிருந்துதான் திரும்பத் தொடங்கினார்கள். பதினைந்து வயதில் சட்டம் வாங்கியிருக்க வேண்டியவன் இருபத்தைந்தாகித் திரும்பி வந்தான். அதற்குள் பழக்கியவர்களுக்கு வயது போய்விட்டது. ஏடும் கொப்பியும் தப்பியிருந்தால் பாட்டை மீட்கலாம். தாளக்கட்டைச் சொல்லாக எழுதியும் வைக்கலாம். மத்தளக்காரர் எந்தக் கணத்தில் எதைப் பார்த்து நடையை மாற்றினார் என்பது எந்தக் கொப்பியிலும் இல்லை.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் இளையவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஊரில் கொட்டக்கூடிய பெரியவர் இருந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். முகத்தை மட்டும் பிடிக்க வேண்டாம். அவருடைய இரண்டு கைகளும், எதிரே ஆடுபவரின் இரண்டு கால்களும் ஒரே படத்துக்குள் விழும்படி தள்ளி நின்று, ஒரு பாத்திரத்தின் வரவிலிருந்து தாளம் தீரும்வரை நிறுத்தாமல் பிடியுங்கள்.