22 நகர்த்தலில் ஒரு கோப்பை

2023 ஆகஸ்ட் 24, பாகு. உலகக் கோப்பை செஸ் இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் 22 நகர்த்தல்களில் டிரா. மாக்னஸ் கார்ல்சனும் பிரக்ஞானந்தாவும் கைகுலுக்கியபோது, விடிய விடிய சண்டையை எதிர்பார்த்தவர்களுக்குச் சப்பென்றுதான் இருந்திருக்கும். ஆனால் கார்ல்சன் அன்று உட்கார்ந்ததே டிராவுக்காகத்தான். அதை எதிராளியிடமிருந்து வாங்கிய விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கிளாசிக்கல் ஆட்டங்கள் இரண்டும் டிரா. ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்ற ரேபிட் டை-பிரேக்கரின் முதல் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடியும் பிரக்ஞானந்தா தோற்றார். அடுத்ததில் கறுப்புக் காய்களுடன் அவர் ஜெயித்தே ஆக வேண்டும். கார்ல்சனுக்கு அரைப் புள்ளி போதும்.

ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைக் கார்ல்சன் இரண்டு கட்டம் தள்ள, சிசிலியன் தற்காப்பில் பதில் சொன்னார் பிரக்ஞானந்தா. கறுப்பில் வெற்றி தேடுபவர்கள் வழக்கமாகப் போகும் பாதை அது. சிப்பாய் அமைப்பு இரு தரப்புக்கும் வேறு வேறாகிவிடும். வெள்ளை ராஜா பக்கம் பாயும், கறுப்பு ராணி பக்கம் திருப்பி அடிக்கும். அந்தக் களேபரத்தில் யார் வேண்டுமானாலும் சறுக்கலாம்.

கார்ல்சன் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது நகர்த்தலில், ராணி பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அலாபின் முறை. நடுவில் சிப்பாய் வெட்டுப்பட்டால் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு சிப்பாய் தயார். பார்க்கச் சாதுவான நகர்த்தல். ஆனால் சிசிலியனின் காரமான கிளைகள் பலவற்றை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது. ஜெயிக்க நினைப்பவருக்குப் பலகையில் ஏதாவது ஒரு கோணல் வேண்டும். அதைத்தான் கார்ல்சன் கொடுக்க மறுத்தார்.

'கடைசிவரை மோதியிருக்கலாமே' என்று பிரக்ஞானந்தாவைக் குறை சொல்வது சுலபம். பிடிமானமே இல்லாத நிலையில் வலிந்து மோதினால் இரண்டாவது தோல்விதான் மிஞ்சும். நகமுரா, கருவானா இருவரையும் டை-பிரேக்கரில் வெளியேற்றி, உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடத்தையும் பிடித்த 18 வயதுக்காரருக்குத் துணிச்சல் பாடம் தேவையில்லை.

அவர் கணக்குப் பார்க்க வேண்டியது முதல் ஆட்டத்தை. இரண்டே ஆட்டங்கள் கொண்ட ரேபிட்டில் முன்னிலை பெறுபவர் கார்ல்சனாக இருந்தால், மறு ஆட்டத்தில் எதிராளிக்குக் கதவு திறப்பது அபூர்வம். கோப்பை கைநழுவியது அந்தத் தோல்வியில். டிரா வெறும் முத்திரை.