கைதியின் கண்ணில் கண்டிக் கிராமம்

அந்நியர் ஒருவர் வேறொரு நாட்டின் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதும்பொழுது இருவகைச் செய்திகளை நமக்குத் தருகிறார். ஒன்று அந்நாட்டைப் பற்றியது. மற்றையது அவரைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறியாது படிப்போர் அத்தகைய நூலை வேதமாகக் கொள்வர். அன்றேல் அந்நியன் கூற்றென்று ஒதுக்கிவிடுவர். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை வரலாற்று நூலுக்கு நம் நாட்டில் இவ்விரு கதியும் நேர்ந்துள்ளன.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் தந்தையுடன் வந்த நொக்ஸ், 1660ஆம் ஆண்டில் கொட்டியாற்றுக் கரையில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். தந்தை அடுத்த ஆண்டே மாண்டார். மகனோ பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே காலங்கழித்து, 1679இல் அருவியாற்றின் வழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். தாயகம் திரும்பியபின், விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு அவரது நூல் அச்சேறியது.

இந்நூலின் பெறுமதி யாது? நம் நாட்டுப் பழைய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மன்னர் கட்டிய விகாரைகளையும், அளித்த தானங்களையும், வென்ற போர்களையுமே பேசுவன. குளத்தைக் கட்டியவன் யாரென அவை கூறும். அக்குளத்து நீரில் விளைந்த நெல்லை அறுத்தவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறுவதில்லை. நொக்ஸ் அதைக் கூறுகிறார். ஊரார் ஒன்றுகூடி ஒருவன் வயலை அறுத்துப் பின் அடுத்தவன் வயலுக்குச் செல்வதையும், வயலுக்குரியவன் அன்று அனைவருக்கும் சோறளிப்பதையும், அறுத்த கதிரைப் பெண்கள் சேர்த்துச் சுமப்பதையும் அவர் பதிவுசெய்துள்ளார். கணவன் உண்டு முடிக்கும்வரை அருகில் நின்று பரிமாறிப் பின்னரே மனைவி உண்ணும் வழக்கமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அரச விருந்தினராக வந்த தூதுவர் எவரும் காணாதவை இவை. கிராமத்தானின் குடிசைப் பக்கத்திலே வாழ நேர்ந்த கைதிக்கே இவை புலனாயின.

எனினும் கைதி என்பதனாலேயே அவரை மக்களின் தோழராகக் கொள்வது தவறாகும். தொப்பி பின்னி விற்றுச் சிறு முதல் சேர்த்த நொக்ஸ், பின்னர் அதே கிராமத்தாருக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வீதம் வட்டி பெற்றார். இதனை அவர் மறைக்கவில்லை. ஆதாயமான தொழிலென்றே எழுதுகிறார். கடன், வட்டி பற்றிய அவரது விவரங்கள் அத்துணை துல்லியமாக அமைந்தமைக்கு இதுவே காரணம் என்க. கடன்பட்டவன் நெஞ்சத்தை அந்நூலில் தேடுவோர் ஏமாற்றமடைவர். விடுதலை பெற்றபின் கம்பனிக் கப்பலின் தலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றும் தொழிலுக்கும் அவர் சென்றார். தன் விடுதலைக்காக ஏங்கியவர் பிறர் விடுதலையை விலைபேசினார். இதனை ஒருவரது குணக்கேடு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. அவரை வளர்த்த வணிக உலகின் அறம் அதுவாயிருந்தது.

ஆயினும் ஓரிடத்தில் நொக்ஸ் தமக்குப் பின்வந்த ஆங்கிலேயரினும் நேர்மையாளராகக் காணப்படுகிறார். கிராம மக்கள் உணவுக்கும் உடைக்கும் மேலாக உழைக்க முற்படாமையை அவரும் கண்டார். ஆனால் அதற்குக் காரணமும் கூறினார்: செல்வம் பெருகப் பெருக அரசனுக்குச் செலுத்தவேண்டியதும் பெருகுமாயின், அதிகம் உழைத்து ஆவதென்ன? சோம்பலின் வேரை அவர் இரத்தத்தில் தேடவில்லை, வரியிலே கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களைத் திறந்த துரைமார் இந்த நேர்மையைக் காட்டவில்லை. சொந்த நிலமுடைய கிராமத்தான் அற்பக் கூலிக்குத் தோட்ட வேலைக்கு வர மறுத்தபோது, அவனைச் 'சோம்பேறிச் சாதி' என்றனர். தென்னிந்தியாவிலிருந்து வறிய தமிழ் உழவர்களைக் கொணர்ந்தனர். அந்த வசையை நம்மவருட் சிலர் இன்றும் தம் சொந்தக் கருத்துப்போல ஒப்புவிப்பதை என்னென்பது!

இன்று நொக்ஸின் நூலை வேறொரு தேவைக்காகப் புரட்டுவோரும் உளர். எல்லை யாருடையது, எவர் முதல்வர் என்ற வழக்குக்குச் சாட்சி தேடி, அவரது படத்தில் ஒரு பெயரையும் நூலில் ஒரு வரியையும் பிடுங்கியெடுப்போர் இரு பக்கத்திலும் இருக்கின்றனர். அவர்கள் நின்று படிக்காத பகுதி ஒன்றுண்டு. தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தை அடைந்த நொக்ஸ், அங்கே கண்டி அரசனுக்குட்பட்ட தமிழ்க் குடிகளைச் சந்திக்கிறார். அவர் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. சிங்களம் அறிந்த ஒருவர் வந்து சேரும்வரை இரு திறத்தாரும் ஒருவரையொருவர் பார்த்தவாறு நின்றனர்.

ஓர் அரசின்கீழ் இரு மொழி பேசிய உழவர்கள் வாழ்ந்தனர் என்பதும், அவ்விரு மொழியையும் அறிந்த சாதாரண மனிதரும் அவர்களிடையே இருந்தனர் என்பதும் இப்பகுதியால் அறியக்கிடக்கின்றன. 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் இந்நாடு கண்ட இழப்புகளை எண்ணுவோருக்கு, வந்துசேர்ந்த அந்தப் பெயரறியா மனிதரே அந்நூலின் முக்கிய மாந்தராகத் தோன்றக்கூடும். நொக்ஸ் அவரைப் பற்றி மேலும் அறிய நினைக்கவில்லை. தப்புவதே அவர் கருமமாயிருந்தது.

வகுப்பறையில் இந்நூலை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்பார்களாக: பார்த்தவர் எங்கே நின்று பார்த்தார்? யாரிடம் எதைப் பெற்றார்? எவரோடு பேச அவருக்கு மொழி இருந்தது? இவ்வினாக்களோடு படிக்கும்பொழுது நொக்ஸ் நமக்குப் பயன்படுவார். நம்மைப் பற்றி நாமே எழுதும் நூல்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்துவனவே.