இடமும் பின்னணியும்

நிஜமான தெருவில் காமிராவை நிறுத்திவிட்டால் யதார்த்தம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் சினிமாவில் வேரூன்றியிருக்கிறது. தெரு நிஜம்தான், படத்துக்குள் அது என்ன செய்கிறது என்பதே கேள்வி. 'பம்பாய்' (1995) படத்தின் 'கண்ணாளனே' பாட்டில் மதுரைத் திருமலை நாயக்கர் மஹால் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடாகிறது. பாட்டுக்குத் தூண்கள் அழகாக இருந்தால் போதும். போலீஸ் கதை அப்படித் தப்பிவிட முடியாது. குற்றம் ஓர் இடத்தின் மனித உறவுகளிலிருந்து பிறப்பது.

சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) இதை அறிந்த படம். அகலக் காலர், தியேட்டரில் ஓடும் 'முரட்டுக்காளை' எல்லாம் 1980-ஐப் பற்றிய தகவல்கள். சிரத்தையுள்ள எவரும் திரட்டிவிடலாம். படத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. வேலையற்ற இளைஞர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் முன்னாள் கவுன்சிலரின் வீடு. அந்த அண்மையில்தான் காதல் முளைக்கிறது. கொலைக்கான ஏவலும் அங்கிருந்தே வருகிறது. போலீஸும் சிறையும் இங்கே சட்டத்தின் இடங்களல்ல. ஜாமீனில் எடுக்க யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியவரும் இடங்கள். தெருவை எடுத்துவிட்டால் கதை இல்லை.

புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' (2022) தொடரின் சாம்பலூர் கற்பனை ஊர். அதில் தவறில்லை. ஆனால் மேல்மலையனூரிலும் வடமாவட்டங்களிலும் மகா சிவராத்திரியை ஒட்டி நிகழும் மயானக் கொள்ளை, இந்த மலையூரில் பல நாள் திருவிழாவாக வந்து இறங்குகிறது. சடங்கு அதைச் செய்யும் மக்களிடமிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதும் வெறும் வேஷமாகிவிடுகிறது. எட்டுப் பகுதிகளிலும் விசாரணை அதனூடே நடக்கிறது, அதிலிருந்து பிறக்கவில்லை.

கற்பனை ஊரை யாரும் அவமதித்துவிட முடியாது. அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. மதுரை அப்படியல்ல. 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' (2012) படத்தில் அனுராக் காஷ்யப், பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரையின் பெயரோடு சேர்த்து நன்றியுடன் குறிப்பிட்டார். பெருமை நியாயமானதே. ஆனால் இங்கே பின்னால் வந்த படங்களில் பல, அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவை விட்டுவிட்டன. காரணங்கள் உதிர்ந்து வன்முறை மட்டும் எஞ்சும்போது, அது ஒரு ஊரின் சுபாவமாகவே தோற்றம் கொள்கிறது. நிஜ இடத்தில் படமெடுப்பதால் இந்தப் பொய் கூடுதல் பலம் பெறுகிறது. கோபுரமே சாட்சி சொல்வது போல.

அடுத்து மதுரைக்கு வரும் போலீஸ் தொடர் கோபுரத்தைக் காட்டித் தொடங்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து, யாரை நம்பி வந்தவர்கள் என்று அது முதலில் விசாரிக்கட்டும்.