மட்டையைப் பிடிக்க முடியும்போதே மரியாதை

2011 ஏப்ரல் முதல் வாரம். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கும் முன், பழைய சாம்பியன்கள் கூடி உண்ணும் வழக்கமான விருந்து. முந்தைய ஆண்டு வென்றவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அன்று சமையல். வென்றிருந்த ஃபில் மிக்கல்சன் அமெரிக்கர். ஆனால் அவர் கேட்டு வாங்கியது கடலுணவு சேர்த்த பயேயா சோறு உள்ளிட்ட ஸ்பெயின் நாட்டு உணவு. இரண்டு முறை மாஸ்டர்ஸ் வென்ற செவே பயஸ்டெரோஸுக்கான மரியாதை அது. அவர் மட்டும் அங்கே இல்லை. மூளைக் கட்டியால் நலிந்து, ஸ்பெயினின் வடக்குக் கரையிலுள்ள தன் சொந்த ஊரான பெத்ரெஞ்ஞாவில் படுத்திருந்தார். மே 7ஆம் தேதி அதிகாலை உயிர் பிரிந்தது. வயது 54.

செவேயின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 54 என்ற எண்ணை ஏற்றுக்கொள்வது இன்றும் கடினம். சிறுவனாக ஒரே ஒரு பழைய 3-அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர். எல்லா அடிகளையும் அந்த ஒன்றைக் கொண்டே அடித்தாக வேண்டும். மட்டையின் முகத்தைத் திறப்பது, மூடுவது, மணலோடு சேர்த்துச் சுரண்டுவது என்று கை தானாகக் கற்றுக்கொண்டது. 19 வயதில், 1976 பிரிட்டிஷ் ஓப்பனில் ஜாக் நிக்லஸுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தார். 1979இல் லிதாம் மைதானத்தில் கடைசி நாள், 16ஆவது குழிக்கு அவர் அடித்த பந்து கார்கள் நின்ற இடத்தில் போய் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு ஸ்ட்ரோக்காவது கைவிட்டுப் போயிருக்கும். செவே அங்கிருந்தே பெர்டி எடுத்தார்; கோப்பையும் அவருக்கே. 1984, 1988 ஓப்பன்கள், 1980, 1983 மாஸ்டர்ஸ் என்று மொத்தம் ஐந்து மேஜர் பட்டங்கள், ஐரோப்பிய டூரில் 50 வெற்றிகள்.

ஆனால் அந்த ஸ்விங்குக்கு உடல் விலை கொடுத்தது. இளம் வயதிலேயே பிடித்த முதுகுவலி முப்பதுகளின் பிற்பாதியில் ஆட்டத்தையே வளைத்துவிட்டது. 1995 மே மாதம் ஸ்பானிஷ் ஓப்பனை வென்றதுதான் கடைசிப் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் ரைடர் கோப்பையின் ஒற்றையர் ஆட்டத்தில் டாம் லேமனுடன் மோதினார். முதல் ஒன்பது குழிகளில் டீயிலிருந்து அடித்த பந்து ஃபேர்வேயில் நின்றது அரிது. மரத்தடி, புதர், பார்வையாளர் நடக்கும் பாதை என்று தேடித் தேடி அடித்தார். அப்படியிருந்தும் 15ஆவது குழிவரை லேமனால் அவரை முடிக்க இயலவில்லை. தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் நீண்ட அடி போய்விட்ட பிறகு குறுகிய அடி மட்டுமே ஒருவரை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கோல்ஃபில் கிடையாது.

2007 ஜூலையில் கார்னூஸ்டியில் ஓய்வை அறிவித்தார். 2008 அக்டோபரில் மாட்ரிட் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. 2009இல் பி.பி.சி.யின் வாழ்நாள் சாதனை விருதை நண்பர் ஒலாதாபால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மறு ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் முன்னாள் சாம்பியன்கள் நான்கு குழிகள் மட்டும் ஆடும் காட்சி ஆட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டார். மருத்துவர்கள் விடவில்லை. 2012இல் மெடினாவில் 6–10 என்று பின்தங்கியிருந்த ஐரோப்பிய அணி, கடைசி நாள் செவேக்குப் பிடித்த நீல, வெள்ளை உடுப்பில் இறங்கி 14½–13½ என்று ரைடர் கோப்பையைத் தக்கவைத்தபோது, அணித் தலைவர் ஒலாதாபால் அழுதார். அதைப் பார்க்க செவே இல்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் தளர்வது எல்லா விளையாட்டிலும் உண்டு. கோல்ஃபில் அது நீண்ட காலம், எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிறது. கால்பந்து வீரர் 35 வயதில் மைதானத்தை விட்டுப் போய்விடுகிறார். பிறகு அவர் முழங்காலின் கதை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கோல்ஃப் ஆட்டக்காரர் எழுபது, எண்பது வயதிலும் டீயில் நிற்கிறார், அல்லது நிற்க அழைக்கப்படுகிறார். அதனாலேயே இந்த விளையாட்டுக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது. யாரை எப்போது கௌரவிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதுமான அவகாசம் அதற்குக் கிடைக்கிறது.

நோயுற்ற உடல் ஆடிய மிகச் சிறந்த கோல்ஃபைத் தேடுபவர் 1954ஆம் ஆண்டுக்குத்தான் போக வேண்டும். பேப் ஸகாரியாஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி வாங்கியவர், பெண்களுக்கான எல்.பி.ஜி.ஏ. அமைப்பை 1950இல் தொடங்கிய 13 பேரில் ஒருவர். 1953 ஏப்ரலில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தினார்கள். நோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்ததை அவரிடம் சொல்லாமல் மறைத்தார்கள். அந்தக் கோடையிலேயே ஆட்டத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸில் நடந்த அமெரிக்க மகளிர் ஓப்பனில், கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள் நடந்து ஆடி, 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார்.

புற்றுநோய் என்ற பெயரையே வீட்டில் தாழ்ந்த குரலில் சொன்ன காலம் அது. அப்போது தன் நோயைப் பகிரங்கமாகப் பேசி, மற்ற நோயாளிகளுக்குத் தெம்பூட்டினார். நோய் திரும்பி வந்து, 1956 செப்டம்பர் 27 அன்று 45 வயதில் இறந்தார். அன்றைய செய்தியாளர் சந்திப்பை அதிபர் ஐசனோவர் அவரை நினைவுகூர்ந்துதான் தொடங்கினார்.

பாபி ஜோன்ஸின் கதை வேறு மாதிரி. 1930இல் ஒரே ஆண்டில் பிரிட்டிஷ், அமெரிக்க ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் வென்று, 28 வயதில் போட்டிகளிலிருந்து ஒதுங்கியவர். அகஸ்டா மைதானத்தையும் மாஸ்டர்ஸையும் உருவாக்கியவர். 1948க்குப் பிறகு அவரால் ஒரு சுற்றுகூட ஆட இயலவில்லை. தண்டுவடத்துக்குள் நீர் நிறைந்த குழிவு உருவாகி நரம்புகளை அழுத்தும் சிரிங்கோமைலியா என்ற நோய் என்பது பின்னால்தான் உறுதியானது. முதலில் கைத்தடி, பிறகு காலுக்கு இரும்புக் கவசம், கடைசியில் சக்கர நாற்காலி.

1958 அக்டோபரில், உலக அமெச்சூர் அணிப் போட்டிக்கு அமெரிக்க அணியின் ஆடாத தலைவராக செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்தார். அந்த ஊர் தன் உயரிய குடியுரிமைக் கௌரவத்தை அவருக்கு அளித்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஆண்டு 1759. இதே ஊரில்தான் 1921 ஓப்பனில் பங்கர் மணலில் சிக்கிப் பொறுமையிழந்து ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனார் இளம் ஜோன்ஸ். 1927இல் திரும்பி வந்து வென்றார். 1958இல் கௌரவம் அளிக்கப்பட்ட அன்று மண்டபம் நிறைந்திருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் கிடைத்த அனுபவங்களைத் தவிர தன் வாழ்வில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் தன்னுடையது நிறைவான வாழ்க்கையாகவே இருக்கும் என்று பேசினார். வெளியேறும்போது மக்கள் பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். அதன்பின் அவர் அந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1971 டிசம்பரில் 69 வயதில் இறந்தார். ஆனால் அந்த மாலையின் ஒவ்வொரு நொடியும் அவர் அறிந்தே கிடைத்தது. மரியாதை என்றால் அப்படி அமைய வேண்டும்.

ஆட்டக்காரருக்கு மட்டும் சேர வேண்டிய மரியாதையா இது? டாம் வாட்சனின் பையைப் பல்லாண்டு சுமந்த கேடி புரூஸ் எட்வர்ட்ஸுக்கு, 2003 ஜனவரியில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் கண்டறியப்பட்டது. தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய். அந்த ஜூனில் அமெரிக்க ஓப்பனின் முதல் நாள், 53 வயது வாட்சன் 65 அடித்து முதலிடத்தில் நின்றார். பேச்சு குழறத் தொடங்கியிருந்த எட்வர்ட்ஸ் பக்கத்தில் நடக்க, கூட்டம் இருவர் பெயரையும் சொல்லி முழங்கியது. அந்த ஆண்டு மூத்தோர் டூரில் கிடைத்த பத்து லட்சம் டாலர் பரிசை வாட்சன் இந்த நோய்க்கான பணிகளுக்கே கொடுத்தார். 2004 ஏப்ரல் 8, மாஸ்டர்ஸ் தொடங்கிய காலையில் எட்வர்ட்ஸ் இறந்த செய்தி வந்தது. வாட்சன் அன்றும் ஆடினார்.

தாமதமாக வந்த மரியாதைக்கு லீ எல்டரைவிட வேதனையான சான்று வேண்டாம். 1975இல் மாஸ்டர்ஸ் ஆடிய முதல் கறுப்பினத்தவர். மிரட்டல்கள் வந்ததால் அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். நிக்லஸ், கேரி பிளேயர் ஆகியோருடன் சேர்ந்து போட்டியைத் தொடங்கிவைக்க அகஸ்டா அவரை அழைத்தது 2021இல். 46 ஆண்டு இடைவெளி. 86 வயது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மற்ற இருவரும் பந்தை அடிக்க, எல்டர் நாற்காலியில் இருந்தார். மட்டை கையில் இருந்தது. அடிக்கும் வலு இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். பத்தாண்டு முன்னதாக அழைத்திருந்தால் மூவரும் அடித்திருக்கலாம்.

கென் வென்ச்சூரியின் கணக்கும் இதுதான். 1964 அமெரிக்க ஓப்பன், வாஷிங்டன் அருகே காங்கிரஷனல் மைதானம், சுட்டெரிக்கும் வெயில், கடைசி நாள் 36 குழிகள். காலைச் சுற்றில் 66 அடித்துவிட்டுச் சுருண்டு விழும் நிலையில் வந்தவரிடம், மறுபடி போனால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். வென்ச்சூரி போனார், 70 அடித்து வென்றார். மறு ஆண்டு முதல் அந்தப் போட்டி நான்கு நாளாகப் பிரிக்கப்பட்டது. விரைவிலேயே மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் கைகள் மரத்துப்போய், 1966க்குப் பிறகு அவர் எதையும் வெல்லவில்லை. சிறுவயதில் திக்குவாயால் துன்பப்பட்ட அதே மனிதர், 35 ஆண்டுகள் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் கோல்ஃப் குரலாக இருந்தார். உலக கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2013 மே 6 அன்று. மருத்துவமனையில் கிடந்த தந்தைக்காக மகன்கள் மேடையேறினார்கள். மே 17 அன்று இறந்துவிட்டார்.

ஹால் ஆஃப் ஃபேம் 2020இல் குறைந்தபட்ச வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. நடுவயதுச் சாம்பியன்களுக்குக் கதவு சீக்கிரம் திறப்பது நல்லதுதான். ஆனால் அவர்களுக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் நோயோடு போராடுபவர்களுக்கும் அது இல்லை. தேர்வுக்குழு ஒவ்வொரு முறையும் அவர்களின் பெயர்களை முதலில் எடுத்துப் பேச வேண்டும். மேடைக்கு அவர்கள் தாமே நடந்து வரக்கூடிய நாளிலேயே அழைக்க வேண்டும்.