நல்ல சமாரியர் உவமை: ‘பிறன்’, ‘அடுத்திருப்பவர்’, ‘செய்’

பிறர் துன்பத்திற்குத் தனிமனிதன் எந்த அளவு பொறுப்பாளன் என்னும் வினாவிற்குக் கிறித்தவ மரபு தரும் விடைகளுள் முதன்மையான ஒன்று, லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்திலுள்ள நல்ல சமாரியர் உவமை. அவ்விடை தமிழில் எவ்வாறு ஒலிக்கிறது என்பது இரண்டு சொல்லாக்கங்களைப் பொறுத்தது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையும் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் ஒப்பிட்டால் இது புலனாகும்.

கிரேக்க மூலத்தின் ‘பிளேசியோன்’ என்னும் சொல்லுக்கு ‘அருகில்’ என்பது அடிப்படைப் பொருள். பவர் குழுவினர் அதனைப் ‘பிறன்’ என்றனர். அண்மையைச் சுட்டும் சொல்லுக்கு வேற்றுமையைச் சுட்டும் சொல் ஈடாயிற்று. இதனைப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதும் அறத்தைத் திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரம் பேசுகிறது. ‘பிறன்’ அம்மரபிற்கு அயலான சொல்லன்று. யூதர்க்கும் சமாரியர்க்கும் இடையே நிலவிய பகைமையை நோக்கின், உறவற்றவனும் கடமைக்கு உரியவனே என்னும் கருத்து இச்சொல்லால் வலுப்பெறுகிறது எனலாம்.

எனினும் உவமையின் முடிவில் இச்சொல் இடர்ப்படுகிறது. தனக்குப் ‘பிளேசியோன்’ யார் என நியாயசாஸ்திரி வினவுகிறார். அடிபட்டவனுக்குப் ‘பிளேசியோன்’ ஆனவர் யார் என இயேசு திருப்பி வினவுகிறார். உதவி பெறுபவனைக் குறித்த சொல் உதவுபவனைக் குறிப்பதாக மாறுகிறது. கடமைக்கு எல்லை வகுக்க முயன்றவருக்கு அவ்வுரிமையே மறுக்கப்படுகிறது. ‘பிறன்’ என்னும் சொல்லோ இவ்விடத்தில், உதவியவன் வேற்றாளாகவே நின்றான் என்னும் எதிர்ப்பொருளுக்கு இடந்தருகிறது. ‘அடுத்திருப்பவர்’ என்னும் ஆக்கம் இக்குறையைக் களைகிறது. ஆயினும் அது நிலையைச் சுட்டுவது. மூலத்தின் வினை ஆதலைச் சுட்டுவது. கண்டும் விலகிச் சென்ற குருவும் லேவியனும் இடத்தால் அடுத்திருந்தவர்களே.

அடுத்தது ‘செய்’ என்னும் வினை. இப்பொருளுடைய ஒரே கிரேக்க வினை இவ்வுரையாடலில் நான்கு முறை வருகிறது: 25, 28 ஆகிய வசனங்களில் ஒவ்வொரு முறையும் 37இல் இருமுறையும். 1871ஆம் ஆண்டு ஆக்கத்தின் ‘இரக்கஞ்செய்தவன்’ என்னும் தொடர் அதனைப் பேணுகிறது. இரக்கம் கொள்ளுதல், இரக்கம் காட்டுதல் என்பனவே பெருவழக்கு ஆதலின், ‘இரக்கம் காட்டியவர்’ என்னும் திருவிவிலிய ஆக்கம் இயல்பானது. ஆனால் அடுத்து வரும் கட்டளையிலுள்ள ‘செய்’ என்பதோடு இருந்த பிணைப்பு அதனால் அறுபடுகிறது. காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தல், கட்டுதல், தன் விலங்கின்மேல் ஏற்றுதல், சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தல், மேற்செலவையும் ஏற்றல் என உவமையில் இரக்கம் முழுவதும் செயலாகவே விரிகிறது.

ஆகவே முதற் சொல்லில் புதிய ஆக்கமும் அடுத்ததில் பழைய ஆக்கமும் மூலத்தை நெருங்குகின்றன. இயல்பான நடை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பில், பொறுப்பு என்பது உணர்வாகச் சுருங்கிவிடக்கூடும். சொல் மீண்டும் வருதலும் பொருளின் பகுதியே என்பதை இவ்வுவமை மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துகிறது.