7.9 மீட்டர் பூட்ஸ்

ஆஸ்திரேலியாவில் ஒரு விநோத வழக்கம். ஊரில் எது பிரசித்தமோ, அதை ராட்சச சைஸில் செய்து ரோட்டோரம் நிறுத்திவிடுவார்கள். காஃப்ஸ் ஹார்பரில் 1964 முதல் ஒரு வாழைப்பழம். கம்பளிக்குப் பேர்போன கோல்பர்னில் 1985 முதல் ஒரு மெரினோ ஆடு. இதையெல்லாம் கலை என்று சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். காரில் போகிறவரை இறங்க வைக்கிற விளம்பரம், அவ்வளவுதான். சந்தேகமா? 1992-ல் சிட்னி - மெல்போர்ன் நெடுஞ்சாலை கோல்பர்னைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. ஆட்டைப் பார்க்க வருகிற கூட்டம் குறைந்தது. 2007-ல் அந்தப் பதினைந்து மீட்டர் ஆட்டையே பெயர்த்துக்கொண்டு போய்ப் புது ரோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கூட்டம் இருக்கிற பக்கம் கடையை மாற்றுவது வியாபார தர்மம்தானே!

இந்த ரகத்தில் ஒன்றுக்கு மட்டும் தாராளமாக மார்க் போடலாம். குவீன்ஸ்லாந்தின் வடக்கே டல்லி என்று ஒரு சின்ன ஊர். கரும்பு, வாழை, ஒரு சர்க்கரை ஆலை. அப்புறம் மழை, மழை, மழை. வருஷத்துக்குச் சராசரியாக நாலு மீட்டர்! அங்கே 2003-ல் ஒரு தங்கநிற ரப்பர் பூட்ஸ் வைத்தார்கள். மேலே தொற்றி ஏறுகிற பச்சைத் தவளை, உள்ளே சுழல் படிக்கட்டு. சிற்பமாகப் பார்த்தால் சுமார்தான். பொம்மைக் கடை பெயிண்ட். ஆனால் அதன் உயரத்தைக் கவனியுங்கள்: 7.9 மீட்டர். 1950-ல் ஒரே வருஷத்தில் டல்லியில் பெய்த மழையும் 7.9 மீட்டர்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அந்த வாழைப்பழத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அது வாழைப்பழம்தான். பூட்ஸில் ஒரு மீட்டர் குறைத்தால் பொய்யாகிவிடும். படியேறி உச்சிக்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். 'அம்மாடி, இவ்வளவு தண்ணியா!' என்று முழங்கால் சொல்லும். புள்ளிவிவரத்தைக் காலால் படிக்க வைப்பது சாதாரண காரியம் இல்லை.

எனக்கு இருக்கிற ஒரே வருத்தம், அந்தத் தங்க வர்ணம். கரும்பை வளர்க்கிற வானம் அதைச் சாய்க்கவும் செய்யும். 2011 பிப்ரவரியில் யாசி புயல் அந்த வட்டாரத்துக் கரும்பையும் வாழையையும் துவம்சம் செய்தது. பூட்ஸில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தால் சிற்பம் முழு உண்மை பேசியிருக்கும்.

உங்கள் ஊரில் யாராவது 'பெருசா ஒரு சிலை வைக்கணும்' என்று கிளம்பினால், 'ஏன் சார் அவ்வளவு பெருசு?' என்று கேளுங்கள். டல்லிக்காரர்களிடம் அதற்கு மில்லிமீட்டர் கணக்கில் பதில் இருக்கிறது.